கையில் எத்தனை பின்னல் வேலை இருந்தால் அதிகம்?

நீலநூல் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா மனசுல இருக்கிற கேள்வி, இன்னிக்கு இங்கே கேட்டுடறேன்.

இப்போ என் கையில இருக்கிற வேலைகள் இவை. கழுத்துல ஆரம்பிச்சு கீழே இறங்குற ஸ்வெட்டர்: உடம்பு முடிஞ்சது, ஒரு கை முடிஞ்சது, அடுத்த கை முழங்கை வரைக்கும் வந்திருக்கு. சாக்ஸ், ஒரு கால் மட்டும். லேஸ் வச்ச முக்கோணச் சால்வை, எவ்வளவு பின்னினாலும் நகர மாட்டேங்குது. குழந்தைப் போர்வைக்குச் சதுரங்கள்: பேட்டர்ன் 48 கேட்குது, 30 தயார். குரோஷே பை, கைப்பிடி மட்டும் பாக்கி. எம்பிராய்டரி வளையத்துல பாதிப் பூங்கொத்து.

இதுக்கு நடுவுல புதுசா ஒரு அடர்பச்சை நூல் வந்திருக்கு. அதுக்கு 4 மி.மீ. வட்ட ஊசி (ரெண்டு முனையை ஒரு கேபிள் இணைக்கிற ஊசி) வேணும். அந்த ஊசி ஸ்வெட்டருக்குள்ள மாட்டிக்கிட்டு இருக்கு.

எதை எடுத்தாலும் எந்த வரிசையில விட்டோம்னு கண்டுபிடிக்கவே உட்கார்ற நேரம் போயிடுது. மற்ற எல்லாத்தையும் ஓரங்கட்டிட்டு ஒண்ணை மட்டும் முடிக்கிறதா? சிலதைப் பிரிச்சுடறதா? பல வேலைகளை ஒரே நேரத்துல வச்சிருக்கிறவங்க எப்படிச் சமாளிக்கிறீங்க?


ஒற்றைஊசி எழுதியது:

என் பதில் எப்பவும் ஒண்ணுதான்: ஒரு நேரத்துக்கு ஒரு வேலை. கட்டுப்பாட்டுக்காகச் சொல்லல, அளவுக்காகச் சொல்றேன்.

நம்ம கையோட இறுக்கம் மாறிக்கிட்டே இருக்கும். நடுவுல வேற நூல், வேற ஊசின்னு பழகிட்டுத் திரும்பி வந்தா, அதே ஊசி அதே நூல்ல கூட கண்ணி, அதாவது ஊசியில விழற ஒவ்வொரு வளையமும், வேற மாதிரி விழும். கணக்குப் போட்டுப் பாருங்க. 220 கண்ணி சுற்றளவு உள்ள ஸ்வெட்டர். 10 செ.மீ.க்கு 22 கண்ணி வந்தா சுற்றளவு 100 செ.மீ. கை கொஞ்சம் இறுகி 24 கண்ணி ஆயிடுச்சுன்னா அதே 220 கண்ணி 92 செ.மீ.கூட வராது. எட்டு சென்டிமீட்டர்னா ஒரு முழு சைஸ் வித்தியாசம். அளவு பார்க்க முன்னாடி பின்ற சாம்பிள் துண்டைப் பார்க்கும்போது ரெண்டு கண்ணிதானேன்னு தோணும், உடம்புல போட்டாத்தான் தெரியும்.

எலிசபெத் சிம்மர்மேன் (1910–1999) பரப்பின சதவீதக் கணக்கு பலருக்குத் தெரிஞ்சிருக்கும். மார்புச் சுற்றளவைக் கண்ணி அளவால பெருக்கி ஒரு எண் எடுக்கணும். கை, கழுத்து, தோள் எல்லாம் அந்த எண்ணுல இத்தனை சதவீதம்னு வரும். அந்த முதல் அளவு நகர்ந்துட்டா கணக்கு மொத்தமும் நகரும். அதனால ஸ்வெட்டரை ஆரம்பிச்சா முடிச்சுட்டுத்தான் அடுத்தது.


இரவுப்பின்னல் எழுதியது:

ஒற்றைஊசி அக்கா சொல்ற கணக்கு சரி. ஆனா முடிவை என்னால ஏத்துக்க முடியல.

எல்லா நேரமும் ஒரே மாதிரி கவனம் நமக்கு இருக்கிறதில்லை. பேசிக்கிட்டே பின்ன ஒரு சாதா வேலை வேணும், சுத்திச் சுத்தி நிட் மட்டும் போற மாதிரி. தனியா அமைதியா உட்கார்ந்தா சார்ட் (கட்டம் போட்ட படம்) பார்த்துப் பின்ற லேஸ், கேபிள் (கண்ணிகளை முறுக்கிப் போடற டிசைன்). வெளியில எடுத்துட்டுப் போக, பைக்குள்ள அடங்குற சின்ன வேலை. இந்த மூணுக்கும் மூணு வேலை இருந்தா ஒண்ணோட இடத்தை இன்னொண்ணு பிடிக்காது. லேஸ் மட்டும் கையில இருந்தா, கூட்டத்துக்கு நடுவுல உட்கார்ந்திருக்கும்போது ஒண்ணும் பண்ண முடியாது.

கை வலியும் ஒரு காரணம். 2.25 மி.மீ. ஊசியில சாக்ஸ் மட்டும் தொடர்ந்து பின்னினா விரல் மூட்டு பிடிச்சுக்கும். பெரிய ஊசிக்கு மாறினா பிடிமானமே மாறுது, கைக்கு ஓய்வு கிடைக்குது. எனக்கு மணிக்கட்டு சிகிச்சை பார்த்தவங்க சொன்னது, ஒரே அசைவை நீட்டிக்காதீங்க, வேலையை மாத்தி மாத்திச் செய்யுங்கன்னுதான். ஆக ஒரே வேலைங்கிற விதி எல்லாருக்கும் பொருந்தாது.


நீலநூல் எழுதியது:

இரவுப்பின்னல், நீங்க சொல்ற மூணு வகையும் என்கிட்ட இருந்தது. இப்போ இல்ல, அதுதான் பிரச்சினையே. சாதா வேலையா இருந்த ஸ்வெட்டர் கைப்பகுதிக்கு வந்ததும் எண்ணிப் பின்ற வேலையா மாறிடுச்சு. சாக்ஸ் கணுக்காலைத் தாண்டினதும் அதே கதை. எல்லாமே சிரமமான இடத்துல வந்து நிக்குது. அதனாலதான் சுலபமா ஒண்ணு வேணும்னு பச்சை நூல் பக்கம் மனசு போகுது.


வட்டஊசி எழுதியது:

நீலநூல், நீங்க இப்போ எழுதினது ரொம்ப முக்கியமான விஷயம். எத்தனை வேலைங்கிறதை விட்டுட்டு, ஒவ்வொண்ணும் சரியா எந்த இடத்துல நிக்குதுன்னு பாருங்க. நான் பல வருஷமாப் பார்க்கிறது: நேரம் இல்லாம ஒரு வேலை நிக்கிறது குறைவு. அடுத்து ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கு, அல்லது ஒரு அளவு எடுக்க வேண்டியிருக்கு, அங்கேதான் நிக்கும்.

உங்க சால்வையை எடுத்துக்குவோம். அது நகர மாட்டேங்குதுன்னு எழுதியிருக்கீங்க. கழுத்து நடுவுல ஆரம்பிச்சு விரியற முக்கோணம்னா அப்படித்தான் தோணும், காரணம் வடிவத்துலயே இருக்கு. ரெண்டு வரிசைக்கு ஒரு தடவை 4 கண்ணி கூடிக்கிட்டே போகும். வரிசைக் கணக்குல பாதி வந்துட்டோம்னு நினைக்கும்போது பரப்புல கால் பங்குதான் முடிஞ்சிருக்கும், நூலும் கால் பங்குதான் போயிருக்கும். வரிசைகள்ல 70 சதவீதம் தாண்டும்போதுதான் உண்மையான பாதி வருது. ஆரம்பத்துல ஒரே உட்கார்வுல எத்தனையோ வரிசை ஓடும், இப்போ ஒரு வரிசையே ஒரு உட்கார்வு. உங்க வேகம் குறையல, வரிசை நீண்டுடுச்சு. இது தெரியாம எத்தனையோ பேர் நல்ல சால்வையைக் கைவிட்டிருக்காங்க, அது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஸ்வெட்டர் ரெண்டாவது கையில நிக்குது. அங்கே வேண்டியது முதல் கையில எந்தச் சுற்றுல கண்ணி குறைச்சோம்ங்கிற தகவல். பையில் நிக்கிறது கைப்பிடியோட நீளத்துல: தோள்ல மாட்டுறதா, கையில பிடிக்கிறதான்னு நீங்க இன்னும் தீர்மானிக்கல. போர்வையில இன்னும் 18 சதுரம், அது நிஜமான உழைப்பு. எம்பிராய்டரி ஏன் நிக்குதுன்னு நீங்கதான் சொல்லணும்.

இப்படி ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஒரே ஒரு வரி எழுதுங்க, "இது எதுக்காகக் காத்திருக்கு"ன்னு. சிலது அஞ்சு நிமிஷ அளவெடுப்புக்காக மாசக்கணக்கில காத்திருக்கும்.


பட்டன்துளை எழுதியது:

விட்ட இடத்தைக் கண்டுபிடிக்கிறதைப் பத்தி நான் சொல்றேன், அது என் இஷ்டமான விஷயம்.

பின்னல் தன் கணக்கைத் தானே வச்சிருக்கும், படிக்கத் தெரிஞ்சா போதும். கார்டர் பின்னல்ல (எல்லா வரிசையும் நிட்) ஒரு மேடு ரெண்டு வரிசை. முன்பக்கம் வழவழப்பா இருக்கிற சாதாப் பின்னல்ல ஒவ்வொரு ‘வி’ வடிவமும் ஒரு வரிசை, ஊசியில உட்கார்ந்திருக்கிற கண்ணியையும் சேர்த்து எண்ணணும், கண்ணி போட்டு ஆரம்பிச்ச விளிம்பை எண்ண வேண்டாம். கேபிள்ல முறுக்கு விழுந்த இடத்துக்குக் கீழே லேசா ஒரு பொந்து தெரியும். முறுக்கின கண்ணியை ஊசி முனையால ஓரமா இழுத்துப் பார்த்தா பொந்துக்கு மேல எத்தனை வரிசைன்னு எண்ணிடலாம்.

ஸ்வெட்டர் கைக்கு: அக்குள் கோட்டுக்கு ரெண்டு பக்கமும் சாய்ஞ்ச கண்ணிகள் ஜோடி ஜோடியா தெரியும். அதுதான் குறைச்ச இடம். 6 சுற்றுக்கு ஒரு தடவை குறைக்கிற பேட்டர்ன், முதல் ஜோடி 6வது சுற்றுலன்னா, 7வது ஜோடி 42வது சுற்று. அதுக்கு மேல இருக்கிற சுற்றை மட்டும் எண்ணிச் சேர்த்தா விட்ட இடம் கிடைச்சுடும். வெளிச்சம் முக்கியம். அடர் நிறம்னா மடியில ஒரு வெள்ளைத் துணி விரிச்சு, அது மேல ஸ்வெட்டர் கையை நீட்டி வச்சு எண்ணுங்க.

இனிமே கீழே வைக்கும்போது ரெண்டு விஷயம். வரிசை நடுவுல நிறுத்தாதீங்க. அடுத்து என்ன பண்ணணுங்கிறதை ஒரு அட்டையில எழுதி ஊசியிலயே கட்டுங்க. "42 முடிந்தது"ன்னு எழுதறதை விட "அடுத்து: 5 சுற்று சாதா, பிறகு குறை"ன்னு எழுதினா திரும்ப எடுக்கிறவருக்கு யோசிக்க ஒண்ணும் இருக்காது. ஊசி அளவு, நூலோட லாட் நம்பர் (ஒரே தடவையில சாயம் போட்ட தொகுதியோட எண்), முதல் பாகத்துல நீங்க பேட்டர்னை மாத்தின விவரம், இதெல்லாமும் அதே அட்டையில.


ஒற்றைஊசி எழுதியது:

பட்டன்துளை சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்குங்க. ரெண்டாவது கையைத் தொடரறதுக்கு முன்னாடி முடிஞ்ச கையில 10 செ.மீ. அளந்து கண்ணி எண்ணுங்க. பிறகு ரெண்டாவது கையில ஒரு 5 செ.மீ. பின்னி அதையும் எண்ணுங்க. இறுகியிருந்தா ஊசியை கால் மி.மீ. ஏத்துங்க, தளர்ந்திருந்தா இறக்குங்க. மர ஊசியில பின்னினதை உலோக ஊசியில தொடர்ந்தாலும் இறுக்கம் மாறும். உலோகத்துல நூல் வழுக்கிக்கிட்டு ஓடும். எந்த ஊசின்னு அட்டையில எழுதச் சொல்றது இதுக்காகவும்தான்.


நீலநூல் எழுதியது:

ஸ்வெட்டர் கையை விரிச்சு வச்சு எண்ணிட்டேன். 5 ஜோடி, அதுக்கு மேல 3 சுற்று. இன்னும் 2 சுற்று சாதா, அடுத்து குறைக்கணும். பயந்துக்கிட்டு இருந்தது இவ்வளவுதான்! பட்டன்துளை, உங்களுக்கு மனசார நன்றி.

வட்டஊசி, நீங்க சொன்ன மாதிரி எழுதிப் பார்த்தேன். எம்பிராய்டரிக்கு நேரா எழுத ஒண்ணுமே வரல. அதைச் செய்யணும்னு ஆசையே இல்லைன்னு அப்பத்தான் புரிஞ்சது. ஆனா அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் அது கண்ணுல பட்டு உறுத்துது.


மெல்லிழை எழுதியது:

அந்த உறுத்தலைப் பத்தி உளவியல்ல பழைய ஆராய்ச்சி இருக்கு. ப்ளூமா ஸைகார்னிக் பெர்லின்ல செய்து 1927ல வெளியிட்டது. ஆட்களுக்குச் சின்னச் சின்ன வேலைகள் கொடுத்து, சிலதைப் பாதியில நிறுத்தச் சொன்னாங்க. முடிச்ச வேலைகளை விட, நிறுத்தின வேலைகள்தான் அவங்களுக்கு அதிகமா ஞாபகம் இருந்தது. அதே குழுவுல இருந்த மரியா ஓவ்சியான்கினா 1928ல இன்னொண்ணு காட்டினாங்க: பாதியில நின்ன வேலையை, யாரும் கேட்காமலேயே மனுஷங்க திரும்ப எடுக்கப் போறாங்க. ஞாபகத்தைப் பத்தின முதல் முடிவு பின்னாடி செஞ்ச சோதனைகள்ல எப்பவும் அப்படியே வரல. ஆனா ரெண்டாவது, பின்னல்காரங்க யாருக்கும் சோதனை வச்சுக் காட்ட வேண்டியதில்லை.

எனக்குத் தோணுறது, அலமாரியில இருக்கிற ஒவ்வொரு அரைகுறை வேலையும் நம்மளைக் கொஞ்சம் கூப்பிட்டுக்கிட்டே இருக்கு. அதனால செய்ய மாட்டோம்னு தெரிஞ்சதை வச்சிருக்கிறது, இடத்தை அடைக்கிறதோட நிக்கிறதில்லை.


இரவுப்பின்னல் எழுதியது:

அப்போ பிரிக்கிறதைப் பத்தியும் பேசிடலாம். பிரிக்கிறது தோல்வின்னு சிலர் நினைக்கிறாங்க. நூல் திரும்பக் கிடைக்குது, ஊசி திரும்பக் கிடைக்குது, அதுல என்ன தோல்வி?

பிரிச்ச நூல் சுருள் சுருளா இருக்கும், அதை அப்படியே பின்னினா கண்ணி மேடு பள்ளமா வரும். நாற்காலி முதுகுல சுத்திச் சிட்டமாக்குங்க. நாலு இடத்துல வேற நூலால எட்டு வடிவத்துல தளர்வாக் கட்டுங்க, இல்லேன்னா தண்ணியில சிக்கிடும். வெதுவெதுப்பான தண்ணியில அரைமணி நேரம் ஊறட்டும். கசக்க வேண்டாம், முறுக்க வேண்டாம், கம்பளி கெட்டிப்பட்டுடும். துண்டுல வச்சு அழுத்தி ஈரத்தை எடுத்துட்டு நிழல்ல தொங்க விடுங்க. காய்ஞ்சதும் நேராயிடும். மோஹேர் மாதிரி முடி நீண்ட நூல் மட்டும் ஒண்ணோட ஒண்ணு பிடிச்சுக்கும், அதை இழுக்காம வரிசை வரிசையாப் பொறுமையா எடுக்கணும்.


வட்டஊசி எழுதியது:

பிரிக்கிறதுக்கும் முடிக்கிறதுக்கும் நடுவுல இன்னொரு வழி இருக்கு, அதை யாரும் இன்னும் சொல்லல. வேலையைச் சின்னதாக்கிடலாம்.

போர்வைக்கு 48 சதுரம்னா 6க்கு 8. ஒவ்வொண்ணும் 15 செ.மீ.ன்னா 90க்கு 120. உங்ககிட்ட இருக்கிற 30ஐ 5க்கு 6ஆ அடுக்கினா 75க்கு 90 செ.மீ. குழந்தையைச் சுத்த அது தாராளம். நீலநூல், உங்க சதுரம் என்ன அளவு? 15 பக்கத்துல இருந்தா போர்வை இன்னிக்கே தயார்னு வச்சுக்குங்க. இணைக்கிறதும் ஓரம் கட்டுறதும்தான் பாக்கி.

சால்வையும் அப்படித்தான். பேட்டர்ன் சொல்ற கடைசி வரிசை வரைக்கும் போகணும்னு எந்தக் கட்டாயமும் கிடையாது. லேஸ் ஒரு முழு சுழற்சி முடியற வரிசையில நிறுத்தி ஓரத்துக்குப் போகலாம். நூல் போதுமான்னு கண்டுபிடிக்க ஒரு டிஜிட்டல் தராசு போதும். ஒரு வரிசைக்கு முன்னாடியும் பின்னாடியும் உருண்டையை எடை போடுங்க. ஒரு வரிசைக்கு 2 கிராம் போகுதுன்னா 10 வரிசை ஓரத்துக்கு 20 கிராமுக்கு மேல வேணும், ஏன்னா வரிசை இன்னும் நீளும். கண்ணி மூடுறதுக்குத் தனியா ஒதுக்குங்க. விளிம்போட அகலத்தைப் போல மூணு நாலு மடங்கு நீளம் நூல் போகும், லேஸுக்குத் தளர்வா மூடணும்ங்கிறதால கொஞ்சம் கூடவே வைங்க.


பட்டன்துளை எழுதியது:

பரிசா கொடுக்கிற வேலைன்னா இது இன்னும் அவசியம். குழந்தை வளர்ந்துக்கிட்டே இருக்கும், போர்வை காத்திருக்கலாம், குழந்தை காத்திருக்காது.


நீலநூல் எழுதியது:

சதுரம் 15 செ.மீ.தான்!! 5க்கு 6 அடுக்கித் தரையில பரப்பிப் பார்த்தேன். ரொம்ப அழகா இருக்கு. 48 வேணும்னு இத்தனை நாள் அதையே பார்த்துக்கிட்டு இருந்திருக்கேன்.

ஊசி விஷயம் மட்டும் பாக்கி. ஸ்வெட்டரை முடிக்கிற வரைக்கும் பச்சை நூலுக்காகக் காத்திருக்கணுமா?


இரவுப்பின்னல் எழுதியது:

முனை கழற்றி மாட்டுற ஊசியா? அப்படின்னா முனைகளைக் கழற்றிட்டு கேபிளோட ரெண்டு பக்கமும் மூடியை மாட்டிடுங்க. கண்ணிகள் கேபிள்லயே பத்திரமா இருக்கும். கழற்ற முடியாத ஊசின்னா, தையல் ஊசியில வேற நிறத்துல வழுவழுப்பான பருத்தி நூல் கோத்து எல்லாக் கண்ணியிலயும் ஓட்டி எடுத்துடுங்க. கண்ணி ஊசியில ரொம்ப நாள் தொங்கினா அந்த வரிசை மட்டும் கோடா இழுபட்டுத் தெரியும், அதுக்கும் இது நல்லது. 4 மி.மீ.ன்னு மட்டும் மறக்காம அட்டையில எழுதுங்க.


ஒற்றைஊசி எழுதியது:

வழி சரி. ஆனா நான் கேட்டுக்கிறேன் நீலநூல்: பாதிக் கைதான் இருக்கு. ஊசியை அதுலயே விட்டு வைங்க. ஊசி வேணுங்கிற அவசரமே அந்தக் கையை முடிக்க வைக்கும். அதுவரைக்கும் பச்சை நூலுக்கு வேற ஊசியில சாம்பிள் துண்டு பின்னி, துவைச்சு, காயவச்சு, அளந்து வைங்க. 3.75, 4.5 ரெண்டுலயும் ஒவ்வொண்ணு போட்டுப் பார்த்தா, உங்களுக்கு 4 மி.மீ.தான் வேணுமான்னே தெளிவாயிடும். சில நூல் துவைச்சதும் விரிஞ்சுடும்.


மெல்லிழை எழுதியது:

வச்சிருக்கப் போற வேலைகளுக்கு ஒரு எச்சரிக்கை. தொடாம இருட்டுல கிடக்கிற கம்பளியிலதான் அந்துப்பூச்சி முட்டையிடும். அரிக்கிறது அதோட புழு. கம்பளியில இருக்கிற கெரட்டின்தான் அதுக்கு உணவு. அக்ரிலிக்கையும் சுத்தமான பருத்தியையும் பெரும்பாலும் விட்டுடும். ஆக ஸ்வெட்டரையும் சால்வையையும் மூடி இறுக்கமான பெட்டியில வைங்க, அடிக்கடி எடுத்து உதறுங்க. சந்தேகமா இருந்தா பாலித்தீன் பையில காத்துப் புகாம கட்டி, −18 டிகிரி ஃப்ரீசர்ல ரெண்டு வாரம் வைக்கலாம், முட்டையும் புழுவும் செத்துடும். வெளியில எடுத்ததும் உடனே பையைப் பிரிக்காதீங்க. அறை வெப்பத்துக்கு வந்த பிறகு பிரிச்சா நூல்ல ஈரம் கோக்காது.


நீலநூல் எழுதியது:

எல்லாரும் சொன்னதை வச்சு நான் முடிவு பண்ணினது:

எம்பிராய்டரியை நூலோட, வளையத்தோட, அதுல ஆசை இருக்கிற தோழிகிட்ட கொடுத்துட்டேன், அவளுக்கு ரொம்ப சந்தோஷம். போர்வை 30 சதுரத்தோட முடியுது. சால்வையை இந்த லேஸ் சுழற்சியோட நிறுத்தி ஓரம் போடறேன், தராசுல 46 கிராம் காட்டுது. பைக்குத் தோள்பட்டி. ஸ்வெட்டர் கை முடியற வரைக்கும் ஊசி அதுலயே இருக்கட்டும், ஒற்றைஊசி அக்கா. பச்சை நூலுக்குச் சாம்பிள் மட்டும்.

சாக்ஸைப் பத்தி யாரும் சொல்லலையே? முதல் கால் முடிச்சு ரொம்ப நாளாச்சு. ரெண்டாவது அதே மாதிரி வருமா?


வட்டஊசி எழுதியது:

வரும். முதல் சாக்ஸோட கணுக்காலுக்கு மேல் பகுதியில 10 சுற்றுக்கு ஒண்ணா திறந்து மூடுற மார்க்கர் (அடையாள வளையம்) மாட்டிக்கிட்டே போங்க. குதிகால் ஆரம்பிக்கிற வரைக்கும் எத்தனை மார்க்கர், மேல எத்தனை சுற்றுன்னு எழுதிக்குங்க. குதிகால் மடிப்போட ஓரத்துல எடுத்த கண்ணி, பாதத்துல குறைக்க ஆரம்பிச்ச சுற்று, விரல் முனை ஆரம்பிச்ச இடம், இந்த மூணுக்கும் வேற நிற மார்க்கர். ரெண்டாவதைப் பின்னும்போதும் 10 சுற்றுக்கு ஒரு மார்க்கர் போடுங்க, பக்கத்துல வச்சுப் பார்த்தாலே தெரியும், எண்ணவே வேண்டாம். நூல் ஒரே லாட்தானே?

அடுத்த ஜோடியை 80 அல்லது 100 செ.மீ. வட்ட ஊசியில ரெண்டையும் ஒண்ணா ஏத்திப் பின்னுங்க. 100 கிராம் உருண்டையைத் தராசு வச்சு 50, 50ஆ பிரிச்சுக்கணும். பட்டை போட்ட நூல்னா ரெண்டு பாதியும் ஒரே நிறத்துல ஆரம்பிக்கிற மாதிரி பார்த்து வெட்டுங்க.


நீலநூல் எழுதியது:

ஒரே லாட், சீட்டைப் பத்திரமா வச்சிருக்கேன். கணுக்கால் வரைக்கும் மார்க்கர் போட்டாச்சு: 6, மேல 4 சுற்று. இன்னிக்கு ராத்திரி கண்ணி போடறேன்.


இரவுப்பின்னல் எழுதியது:

அப்போ 64 சுற்று. அட்டையில எழுதிக் கட்டிட்டு ஆரம்பிங்க. சால்வை ஓரம் முடிஞ்சதும் எத்தனை கிராம் மிச்சம்னு இங்கே சொல்லுங்க, நானும் அதே மாதிரி ஒண்ணு பின்னிக்கிட்டு இருக்கேன்.